நான்காம் பாகம் முதலில் வந்தது

ஜனவரி 9

அன்பு மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இத்தனை வருடமும் ‘எழுதுகிறேன்’ என்று நான் சொல்லுவேன், பக்கத்துத் தையல்காரர் எழுதுவார். இந்தக் கடிதத்தில் அவர் கை இல்லை. எழுத்து படியிறங்கிப் போகிற மாதிரி சாய்வதைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாய். நான் சுகமாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இந்தக் கேள்விகளை என் கையாலேயே கேட்பது இதுதான் முதல் தடவை. பதில் ஒழுங்காக வேண்டும்.

இடது கையால் எழுதுகிறேன். சலவைக்கூடத்து அழுத்து இயந்திரத்தில் நசுங்கிய வலது கைக்கும் வேலை கொடுத்திருக்கிறேன். காகிதம் பறக்காமல் அதைத் தூக்கி மேலே வைத்துக்கொள்கிறேன். சூடான டீ சிந்தினால்கூட அதற்கு உறைக்காது. இதைவிட நல்ல கல் கிடைக்குமா?

மாலை வகுப்பில் நாங்கள் எட்டுப் பேர். டீச்சர் ஒரு பழைய நாவல் கொண்டுவந்தார். அட்டை கிழிந்து பெயர்கூட இல்லை. இருந்தது ஒரே ஒரு பிரதி. டீச்சர் யோசிக்கவே இல்லை. கத்தியை எடுத்துப் புத்தகத்தின் முதுகில் எட்டுத் துண்டு போட்டார். ஒவ்வொன்றையும் நூலால் தைத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். படித்து முடித்தவர்கள் மாற்றிக்கொள்ள வேண்டுமாம். எனக்கு வந்தது நான்காம் பாகம். யாரோ உண்டாக்கிய ஓர் ஆள் ஒரு கொட்டகையில் ஒளிந்திருக்கிறான், இதுவரை அவ்வளவுதான் புரிந்தது.

“முன்னாடி என்ன நடந்துச்சுன்னு தெரியாம எப்படிப் படிக்கிறது டீச்சர்?” என்று கேட்டேன்.

“பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் பேசுறப்ப அவர் கதை பாதியிலதானே இருக்கும்? ஏறி உக்காருங்க, போகப் போகப் புரியும்” என்றார்.

எனக்கு இன்னும் மனதுக்குள் படிக்க வரவில்லை. வாய்விட்டுத்தான் படிக்கிறேன். கீழே சாவிக்கடைக்காரர், “சத்தத்தைக் கூட்டுங்க, பாதி வார்த்தை கேக்கல” என்கிறார்.

போன வருடம் உன் படம் வந்த செய்தித்தாள் சுவரில் இருக்கிறது. நேற்று அதன் தலைப்பை நானே படித்தேன். ‘நினைத்தால் திறக்கும் கை.’ உன் பக்கத்தில், நீ செய்து பொருத்திய செயற்கைக் கையோடு நிற்கிற லாரி ஓட்டுநர் நன்றாக இருக்கிறாரா? அடுத்த கை உங்களுக்குத்தான் அப்பா என்று சொன்னாய். அவசரம் இல்லை.

போன் செய்யாதே. போனில் பேசினால் நான் படித்தது வீணாகிவிடும்.

உன் கடிதத்தை வாசலில் நின்றே பிரிக்கப்போகிற,
அப்பா


ஜனவரி 21

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நான் நலம், சாப்பிடுகிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரியும் இல்லையே.

அந்த நாவல் எது என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் படித்திருக்கிறேன். பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தைத்து, ஒரு மாணவன் ஓர் ஆளை உண்டாக்குகிற கதை. புதிதாகப் படிக்கிறவர்களுக்கு அது சரிப்படாது. டீச்சரிடம் வேறு புத்தகம் கேளுங்கள். சிரிப்புக் கதையாக ஏதாவது.

இங்கே வேலை அதிகம். வேறு கட்டடத்துக்கு மாறியிருக்கிறேன், புது முகவரி கீழே இருக்கிறது. யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
பாப்பா


பிப்ரவரி 4

அன்பு மகளுக்கு,

முதுகுவலி இருக்கிறது, எழுதும்போது மறந்துவிடுகிறது. நீ நலம் என்று எழுதியிருந்தாய், சரி. ஓட்டுநர் நலமா என்று கேட்டிருந்தேன், அதை விட்டுவிட்டாய். உனக்கு வேலை அதிகம் என்று வைத்துக்கொள்கிறேன்.

வேறு புத்தகம் கேட்க மாட்டேன். நான்காம் பாகத்தை முடித்துவிட்டேன் பாப்பா. ஒரு பாகம் முழுக்க நான் படித்திருக்கிறேன். அதில் பேசுவது உண்டாக்கப்பட்டவன்தான். முன்பாகம் தெரியாததால், அவன்தான் கதாநாயகன் என்று நினைத்துக்கொண்டேன். மீன்கார அம்மாவுக்கு ஏழாம் பாகம் கிடைத்தது. “அவனா? கொலைகாரன்” என்று சண்டைக்கு வந்துவிட்டார். “உங்க பாகத்துல அப்படி, எங்க பாகத்துல அவன் நல்லவன்” என்றேன். வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

என் பாகத்தில் அவன் ஒரு வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்திருக்கிறான். சுவர் இடுக்கு வழியாக அந்த வீட்டுக்காரர்கள் பேசுவதைப் பார்த்துப் பார்த்தே பேசப் படிக்கிறான், எழுத்தும் கற்கிறான். நெருப்பைக் கண்டு சந்தோஷப்பட்டுக் கையை வைத்துச் சுட்டுக்கொள்கிறான். நாற்பது வருடம் இஸ்திரிப்பெட்டி பிடித்தவன் நான், அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அவனுக்கு யாருமே ‘இது சுடும்’ என்று சொல்லித்தரவில்லை. உண்டாக்கியவன் எங்கே போனான்? உனக்குத் தெரிந்தால் எழுது. இல்லை, வேண்டாம், நானே படித்துக்கொள்கிறேன்.

இன்னொரு விஷயம். செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்தார். சாவிக்கடையில் விசாரித்து மேலே ஏறி வந்திருக்கிறார். கதவு உயரம் இருப்பார். வலது கையில் தோல் உறை, அதையும் சட்டைப் பைக்குள் விட்டிருந்தார்.

“ஐயா, உங்க கை மெஷின்ல மாட்டிக்கிச்சுன்னு கேள்விப்பட்டேன். எனக்கும் கை போனதுதான். சும்மா பாத்துட்டுப் போகலாம்னு” என்றார்.

“யார் சொன்னாங்க?”

“உங்களுக்கு வேண்டியவங்கதான்.”

உட்காரச் சொன்னேன். சுவரோரம் உட்கார்ந்தார். நான் படித்துக்கொண்டிருந்ததை விடாமல் படித்தேன். உண்டாக்கப்பட்டவன் அந்த வீட்டுக் கதவைத் தட்டுகிற இடம்.

“உள்ள போனானா?” என்று கேட்டார்.

“போனான். கண்ணு தெரியாத பெரியவர் மட்டும் இருக்குற நேரம் பாத்துப் போனான்.”

“அவர் என்ன பண்ணார்?”

“உக்காரச் சொன்னார்.”

“அப்புறம்?”

“பிள்ளைங்க வந்துட்டாங்க. அடிச்சுத் துரத்திட்டாங்க.”

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அடுத்த செவ்வாயும் வரட்டுமா என்று கேட்டார். வாருங்கள் என்றேன்.

பதிலில் உன் உடம்பைப் பற்றி இரண்டு வரியாவது எழுது.
அப்பா


பிப்ரவரி 27

அன்பு மகளுக்கு,

நான் நலம். உன் நலம் தெரியவில்லை, கடிதம் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் வரும்போதே “இல்ல பெரியவரே” என்று கையை ஆட்டிவிடுகிறார்.

மூன்று நாள் முன்பு போன் செய்தாயாம். சாவிக்கடைக்காரர் கீழிருந்து கூப்பிட்டார். அன்று செவ்வாய், உறை போட்டவர் வந்திருந்தார், இரண்டாம் பாகத்தில் ஒரு கஷ்டமான பக்கத்தில் இருந்தோம். ‘எதுவானாலும் கடிதம் போடச் சொல்லுங்க’ என்று சொல்லி அனுப்பினேன். நீ சத்தம் போட்டதாகச் சாவிக்கடைக்காரர் சொல்கிறார். நீ சத்தம் போடுகிறவள் இல்லையே.

அவர் நல்ல மனிதர். பக்கத்தைப் புரட்டித் தருகிறார், இடது கையால். இப்போது ஒரு லாரி நிறுத்துமிடத்தில் காவலுக்கு இருக்கிறாராம். முன்பு ஓட்டிக்கொண்டிருந்தாராம்.

எழுது.
அப்பா


மார்ச் 3

அப்பா,

நலமா என்று கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். அந்த ஆளுக்கு இடது புருவத்தில் தழும்பு இருக்கிறதா? உறையை எப்போதாவது கழற்றினாரா? என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா? என் புது முகவரியைக் கொடுத்தீர்களா?

அடுத்த செவ்வாய் கதவைத் திறக்காதீர்கள். சாவிக்கடைக்காரரைக் கூட இருக்கச் சொல்லுங்கள். காரணம் பிறகு எழுதுகிறேன். போன் வந்தால் தயவுசெய்து கீழே இறங்கி வாருங்கள்.

முதுகுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன்.
பாப்பா


மார்ச் 12

அன்பு மகளுக்கு,

மருந்து வந்தது, தடவினேன், எரிகிறது, நல்லதுதான்.

புருவத்தை நான் கவனிக்கவில்லை. இப்போதெல்லாம் எழுத்தைத் தவிர எதையும் கவனிப்பதில்லை. முகவரி கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. உன்னைப் பற்றி ஒன்றே ஒன்று கேட்டார். “உங்க பொண்ணு ராத்திரி நல்லாத் தூங்குறாங்களா?” கடிதத்தில் அதெல்லாம் எழுத மாட்டாள் என்றேன்.

கதவைத் திறக்காதே என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் புதன்கிழமைதான் வந்தது. செவ்வாய் திறந்துவிட்டேன். அடுத்த செவ்வாயும் திறப்பேன் என்றுதான் நினைக்கிறேன். படிக்கட்டு ஏறி வந்தவரை வெளியே நிற்கவைத்துவிட்டு, உள்ளே அந்தப் புத்தகத்தை என்ன முகத்தோடு படிப்பேன்?

அவருக்கு ஒரு பெண் குழந்தை. படம் காட்டினார். படத்தில் ஒரு கையில் கட்டுப் போட்டிருந்தது. அம்மாவோடு தாய்மாமன் வீட்டில் இருக்கிறதாம். “நான் இருக்குற வீட்டுல அவ தூங்க மாட்டேங்குறா” என்றார். குழந்தையின் கைக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரியுமா?

அன்று ஒன்று நடந்தது. நாற்காலியின் மரக்கையில் அவர் உறைக்கை இருந்தது. திடீரென்று மரம் நெரிகிற சத்தம். அவர் அசையவில்லை, நெற்றி மட்டும் வேர்த்தது. நான் படிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் வெட்கப்படுவார் என்று தோன்றியது. இரண்டு பக்கம் முடிந்த பிறகு சத்தம் நின்றது. அவர் போன பிறகு பார்த்தேன், மரத்தில் நான்கு பள்ளம்.

முதல் பாகம் இப்போது முடிதிருத்துகிறவரிடம் இருக்கிறது. அவர் ஒரு நாளைக்கு ஒரு வரிதான் படிக்கிறார். சவரத்துக்குப் போகும்போதெல்லாம் அவசரப்படுத்துகிறேன். கத்தி கையில் இருக்கும்போது அவசரப்படுத்தாதீர்கள் என்கிறார்.

உன் தூக்கத்தைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுது.
அப்பா


மார்ச் 19

அப்பா,

நான் நலமில்லை. தூங்குவதில்லை. கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டுக்கு வருகிறவர் அந்த ஓட்டுநர்தான். உங்கள் சுவரில் இருக்கிற படத்தில் என் பக்கத்தில் நிற்பவர். கையைப் பொருத்திய நாட்களில் அவரிடம் உங்களைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன். இதை யாருக்காகச் செய்ய ஆரம்பித்தேன் என்று அவர் கேட்டார், சொன்னேன். சாவிக்கடைக்கு மேல் அறை என்பதுவரை சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கை மூடினால் சில நேரம் திறப்பதில்லை. மூன்றாம் மாதமே எனக்குத் தெரியும். பரிசோதனை அறையில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் விடவில்லை. சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். செய்தித்தாள்காரர்கள் வருவதாக இருந்தது. பிறகு ஒருநாள் அவர் தன் மகளின் கையைப் பிடித்துத் தெருவைக் கடந்திருக்கிறார். குழந்தையின் இரண்டு விரல்கள் உடைந்துவிட்டன.

மழையில் நனையவிட்டார், சொன்னபடி பயன்படுத்தவில்லை, தவறு அவருடையது என்று எங்கள் நிறுவனத்தில் அறிக்கை தயாரானது. அதில் கையெழுத்துப் போட்டது நான். உண்மையில் மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்தக் கை முதன்முதலாகத் திறந்த நாளில் சந்தோஷத்தில் அழுதேன் அப்பா. குழந்தைக்கு அடிபட்ட பிறகு அவர் மறுபடி வந்து, அது திறக்காமல் போன நாளில் அவரை அறையிலேயே விட்டுவிட்டு வெளியே போனேன். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. வாசல் காவலரிடம் அவர் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அவர் கோபத்தோடு வந்திருந்தால் அது நியாயம். அதனால்தான் பயமாக இருக்கிறது. கை மூடிக்கொண்டால்: மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தி, முழங்கையை வெளிப்பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அவருக்குக் கை கொடுக்காதீர்கள்.

பாப்பா


மார்ச் 26

அன்பு மகளுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறேன். இதை முதலில் படித்துவிட்டு, மூச்சு விட்டுவிட்டு, மேலே படி.

உன் கடிதம் செவ்வாய் மதியம் வந்தது. அவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கடித உறையைக் கிழித்துப் படிக்க ஆரம்பித்தேன். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு மனதுக்குள் படிக்க வராது. வாசலிலேயே பிரித்திருக்கலாம், இல்லை அவர் போன பிறகு பிரித்திருக்கலாம். உன் எழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுமை இருப்பதில்லை. ‘நான் நலமில்லை’ என்பதைப் படித்தபோது பதறிப்போய் வேகமாகப் படித்தேன். வாக்கியம் எங்கே போகிறது என்று எனக்கு முன்கூட்டித் தெரிவதில்லை பாப்பா. வார்த்தை வார்த்தையாகத்தான் போகிறேன். ‘தவறு அவருடையது என்று’ என்ற இடம் வந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் எழுந்து நின்றிருந்தார்.

“நிறுத்தாதீங்க ஐயா” என்றார்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். மழைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுவரை படித்தேன்.

“எம் மேல தப்பு இல்லியா?” என்றார். சத்தமாகக்கூட இல்லை. “மழையில போனதுனாலன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் நான் மழையில போனதே இல்ல ஐயா. புள்ளகிட்ட அப்பாதான் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லியிருக்கேன். உங்க பொண்ணு செஞ்ச கையைக் கெடுத்துட்டேன்னு மன்னிப்புக் கேக்கத்தான் இங்க வந்தேன். அவங்க பாக்க மாட்டேன்னுட்டாங்க. நீங்களாச்சும் எடுத்துச் சொல்லுவீங்கன்னு.”

இதைச் சொல்லும்போது உறைக்கை பைக்குள்ளிருந்து வெளியே வந்து மேசை பக்கம் நீண்டது. அவர் அதைப் பார்க்கவில்லை. உன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் வலது கையைத் தூக்கி அதில் வைத்தேன்.

திட்டாதே. அது எதையாவது பிடித்தாக வேண்டும்போல் இருந்தது. என்னிடம் வலிக்காத கை ஒன்று சும்மாதானே இருக்கிறது.

மூடிக்கொண்டது. எலும்பு நெரிகிற சத்தம் எனக்குக் கேட்டது, வலி வரவில்லை. அவர் முகம் காகிதம்போல் ஆகிவிட்டது. இழுத்துப் பார்த்தார். உன் கடிதத்தின் மிச்சத்தையும் படித்தேன், பள்ளத்தை அழுத்தி முழங்கையைத் திருப்பவேண்டும் என்பதை. “அதை அழுத்தி அழுத்திப் பள்ளமே தேஞ்சு போச்சு” என்றார். சாவிக்கடைக்காரர் ரம்பத்தோடு மேலே ஓடி வந்தார். எந்தக் கையை அறுப்பது என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டையும் அறுக்க வேண்டாம், டீ வாங்கிவாருங்கள் என்றேன்.

இருட்டும் நேரம்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கு ஓர் இடது கை இருந்தது, டீ குடித்தோம். அவர் அழுது முடித்தார். பிறகு ஐந்தாம் பாகத்தைக் கேட்டார், படித்தேன். விளக்குப் போட்ட பிறகு அது தானாகத் திறந்தது. கட்டுப் போட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அந்தக் கட்டுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அவர் யார் என்று எனக்கு முதல் நாளே தெரியும். அந்தப் படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நீயாக எழுதுவாய் என்று இருந்தேன்.

முதல் பாகம் ஒருவழியாக வந்துவிட்டது. அவன் கண் திறந்த அன்றே உண்டாக்கியவன் அறையை விட்டு ஓடிவிடுகிறான். மற்ற ஏழு பாகமும் அதனால் வந்தவைதான் என்று வகுப்பில் சொன்னேன். மீன்கார அம்மா முதல் தடவையாக என்னை எதிர்த்துப் பேசவில்லை. எட்டாம் பாகம் இப்போது அவரிடம் இருக்கிறது. படித்துவிட்டு இரண்டு நாள் வியாபாரத்துக்கே போகவில்லையாம். முடிவை யாரும் என்னிடம் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ செய்யும் கை எனக்கு வேண்டும், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதல் ஆளுக்குச் சரிசெய்துவிட்டு வா, வரிசையில் நிற்கிறேன். அவர் அடுத்த செவ்வாய் வருவாரா, தெரியாது. போகும்போது படியில் நின்று, “அவங்க வரட்டும்” என்று மட்டும் சொன்னார். அதை எந்தக் குரலில் சொன்னார் என்று எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதவில்லை.

எட்டாம் பாகம் இன்னும் என் கைக்கு வரவில்லை பாப்பா.
அப்பா


ஏப்ரல் 2

அப்பா,

கையை மருத்துவரிடம் காட்டினீர்களா? கட்டை நான் வந்து பிரித்துப் பார்ப்பேன்.

இந்தக் கடிதத்தைச் செவ்வாய்க்கிழமைவரை பிரிக்காதீர்கள் என்று உறையின் மேலேயே எழுதியிருக்கிறேன். அவர் வந்து உட்கார்ந்த பிறகு பிரியுங்கள். வழக்கம்போல வாய்விட்டுப் படியுங்கள். இதற்குக் கீழே இருப்பது அவருக்கு.

ஐயா, அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மழை காரணமில்லை, நீங்கள் காரணமில்லை, தெரிந்தும் மறைத்தேன் என்று எழுதியிருக்கிறேன். இனி இந்த வேலையில் என்னை வைத்திருப்பார்களா என்று தெரியாது. உங்கள் மகளிடம் அப்பா தப்புப் பண்ணவில்லை என்று நீங்கள் சொன்னால் மட்டும் போதாது. நானும் வந்து சொல்ல வேண்டும். நீங்கள் அனுமதித்தால்.

போன கடிதத்தில் பள்ளத்தை அழுத்துவது எப்படி என்று எழுதினேன். இந்தத் தடவையும் ஏதாவது எழுதி அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எதை அழுத்துவது, எங்கே திருப்புவது என்று நாலு வரி. எழுதினால் நான் வரவேண்டியிருக்காது. அதனால் எழுதவில்லை.

கருவிப்பெட்டியோடு செவ்வாய் காலை ரயிலில் ஏறுகிறேன். அப்பா மெதுவாகத்தான் படிப்பார். இந்த வரிக்கு வந்து சேரும் நேரத்தில் நான் சாவிக்கடை வாசலில் இருப்பேன். அவர் குரல் அங்கே கேட்கும் என்று எழுதியிருக்கிறார். மேலே வரலாம் என்றால் கதவை நீங்கள் திறவுங்கள். வேண்டாம் என்றால், அப்பா, இந்தக் கடிதத்தை முதலிலிருந்து இன்னொரு முறை படியுங்கள். படியிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். போக மாட்டேன்.

பாப்பா